உங்களுக்குத் தெரியுமா? வேறு நோய்க்குத் தைத்த மருந்து

2021 மே மாதம். ஊரடங்கில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் மிஷின் சத்தமே இல்லை. எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் கழுத்துச் செயினை அடகு வைத்துவிட்டு, தம்பியின் பைக்கில் ஏறி கோவைக்குப் போனார். கணவருக்கு மூச்சுத் திணறல். மருந்துச் சீட்டில் எழுதியிருந்தது ரெம்டெசிவிர், ஆறு குப்பி. அந்த மருந்து கொரோனாவுக்காகப் பிறந்ததே இல்லை என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு படித்துச் சேர்த்து வைத்தவைதான் இந்தத் துணுக்குகள்.

மூன்றாவது பையர்

காதர்பேட்டையில் சட்டை எடுக்காதவர் திருப்பூரில் குறைவு. எங்கோ ஒரு நாட்டுப் பையருக்காகத் தைத்து, ஆர்டர் கேன்சலாகி, லேபிள் வெட்டி விற்பனைக்கு வந்த சரக்கு அங்கே குவிந்து கிடக்கும். துணி நல்ல துணிதான். நம் உடம்புக்கு அளவு சேருமா என்பதுதான் கேள்வி.

ரெம்டெசிவிரும் அப்படி வந்த சரக்குதான். அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் ஹெபடைட்டிஸ் சி வைரஸையும், குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸையும் குறிவைத்து நடத்திய ஆராய்ச்சியில் 2009ல் கிடைத்த மூலக்கூறு அது. அந்த இரண்டுக்கும் மருந்தாக அது கடைக்கு வரவில்லை. அடுத்து எபோலாவுக்குப் போட்டுப் பார்த்தார்கள். காங்கோவில் 2018 நவம்பரில் தொடங்கிய பரிசோதனையில் நான்கு மருந்துகள் களத்தில் இருந்தன. ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். வேறு இரண்டு மருந்துகளில் இறப்பு 35 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2019 ஆகஸ்டில் அந்தப் பரிசோதனையில் ரெம்டெசிவிரை நிறுத்திவிட்டார்கள். ஐந்தே மாதத்தில் புதிய கொரோனா வைரஸ் உலகத்தின் வாசலில் வந்து நின்றது. ஓரங்கட்டி வைத்த குப்பியை மறுபடி கையில் எடுத்தார்கள்.

நிட்டிங் மிஷினில் கள்ள நூல்

ஒரு வைரஸுக்கு வைத்த மருந்து இன்னொரு வைரஸை எப்படிப் பிடிக்கும்? வைரஸின் முழுநேர வேலை நம் செல்லுக்குள் உட்கார்ந்து தன் மரபுச் சங்கிலியைப் படியெடுத்துக்கொண்டே இருப்பது. அந்தப் படியெடுக்கும் இயந்திரத்துக்குப் பாலிமரேஸ் என்று பெயர். வெவ்வேறு வைரஸ்களிலும் இந்த இயந்திரத்தின் அடிப்படை அமைப்பு ஒன்றுபோல இருக்கும். கம்பெனி மாறினாலும் வட்ட நிட்டிங் மிஷின் ஓடும் விதம் மாறாதது போல. அதனால் ஒரு மிஷினைச் சிக்க வைக்கும் நூல் இன்னொன்றையும் சிக்க வைக்கக்கூடும்.

ரெம்டெசிவிர் உடலுக்குள் போனதும் அடினோசின் என்ற இயற்கையான கண்ணியைப் போல வேடம் போடும். வைரஸ் அதை நம்பிச் சங்கிலியில் கோத்துக்கொள்ளும். உடனே நிற்காது. இன்னும் மூன்று கண்ணி ஓடிய பிறகுதான் மிஷின் திணறும். கொரோனாவுக்குக் கொடுத்த இன்னொரு மருந்தான மோல்னுபிராவிர் வேறு வழியில் போகிறது. அது மிஷினை நிறுத்துவதே இல்லை. ஓட விட்டு, துணி முழுக்கப் பிழையாக்கிவிடும். குதிரைகளின் மூளையைத் தாக்கும் ஒரு வைரஸுக்கும் ஃப்ளூவுக்கும் எதிராக அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உருவாகி வந்த மருந்து அது.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று உண்டு. கொரோனா வைரஸிடம் சொந்தமாக ஒரு செக்கிங் செக்‌ஷன் இருக்கிறது. தவறான கண்ணி விழுந்தால் கண்டுபிடித்து வெட்டி எறிய ஒரு புரதத்தை அது வைத்திருக்கிறது. ஆர்என்ஏ வைரஸ்களில் இது அபூர்வம். ரிபாவிரின் போன்ற பழைய மருந்துகள் கொரோனாவிடம் எடுபடாமல் போனதற்கு இதுவும் காரணம் என்றும், மூன்று கண்ணி உள்ளே தள்ளிப் போய்விடுவதால்தான் ரெம்டெசிவிர் அந்தக் கத்திரிக்கு ஓரளவு தப்புகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெயரின் வால்

மாத்திரை அட்டையில் பெயர் "விர்" என்று முடிந்தால் அது வைரஸுக்கு எதிரான மருந்து. அசைக்ளோவிர், ஓசெல்டாமிவிர், ரெம்டெசிவிர் எல்லாம் அந்த வகை. "நாவிர்" என்று முடிந்தால் எச்ஐவியின் புரதம் வெட்டும் நொதியைத் தடுக்கும் குடும்பம். உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர் சூட்டும்போது பின்பற்றும் ஒழுங்கு இது. சின்னம்மை கண்ட பிள்ளைக்குத் தரும் அசைக்ளோவிரும் கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிரும் பெயரில்தான் உறவு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

சாயத் தொட்டியில் பிறந்தது

சாயப்பட்டறை என்றால் நமக்கு நொய்யல் ஆறுதான் நினைவுக்கு வரும். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன நாள்களும் நினைவுக்கு வரும். ஆனால் நவீன மருந்தியலின் ஒரு கிளை சாயத்திலிருந்துதான் முளைத்தது. 1876ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ பருத்திக்குப் போடுவதற்காக மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை உருவாக்கினார். பால் எர்லிக் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு சாயம் உடம்பின் எல்லாத் திசுக்களிலும் ஏறுவதில்லை. பருத்திக்கு ஏறுவது பாலியஸ்டருக்கு ஏறாது என்று இன்று நம் டையிங் மாஸ்டர் சொல்வாரே, அதே சங்கதி. அப்படியானால் நம் உடம்பை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பற்றும் சாயம் கிடைக்காதா என்று தேடினார். 1891ல் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலீன் புளூவையே மருந்தாகக் கொடுத்தார். அந்த மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்த வழியில்தான் 1934ல் குளோரோகுயின் வந்தது. அதன் தம்பி ஹைட்ராக்சி குளோரோகுயின். 2020ல் உலகமே தேடி அலைந்த மாத்திரைக்கு முப்பாட்டன் ஒரு பருத்திச் சாயம்.

அதே சாயக் குடும்பத்தின் இன்னொரு வழி நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். பருத்திச் சாயங்களோடு உறவுள்ள டிரைபான் சிவப்பு, டிரைபான் நீலம் இரண்டும் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமியைக் கொன்றன. ஆனால் தோலிலும் நிறம் ஏறியது. நிறமில்லாத உறவு ஒன்றைத் தேடி ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1916ல் கண்டெடுத்ததுதான் சுராமின். அறுபது ஆண்டுக்கும் மேல் அது தூக்க நோய்க்கான மருந்தாக இருந்தது. 1979ல் பெல்ஜியத்தின் எரிக் டி கிளெர்க், விலங்குகளின் ரெட்ரோ வைரஸ்களிடம் உள்ள ஒரு நொதியை அது தடுப்பதைக் காட்டினார். சில ஆண்டுகளில் எய்ட்ஸ் வந்தது. எச்ஐவியும் ரெட்ரோ வைரஸ்தான். 1984ல் அமெரிக்காவில் ஹிரோஅகி மிட்சுயாவும் சாமுவேல் பிராடரும் சுராமின் ஆய்வுக்கூடத்தில் எச்ஐவியைத் தடுப்பதைக் கண்டார்கள். மனிதர்களுக்குக் கொடுத்தபோது அது நோயாளிகளைத் தேற்றவில்லை. பக்கவிளைவுகள்தான் மிஞ்சின.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் ஜெயித்தது உடம்பில் தோற்பது மருத்துவத்தில் அன்றாடம் நடப்பது. ஆனாலும் சுராமினுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த நொதியைக் குறிவைக்கலாம் என்ற தைரியத்தை அதுதான் கொடுத்தது.

சென்னையில் மஞ்சளான ஆறு குழாய்கள்

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வைக்கச் சரியான வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். ரயிலில் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்ஐவி கண்டறியப்பட்டது அப்போதுதான், அதுவும் தமிழ்நாட்டில்.

அப்போது அந்த நோய்க்கு உலகத்தில் எங்குமே மருந்து இல்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. ஏஇசட்டி என்ற சிடோவுடின். அதுவும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. 1964ல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் புற்றுநோய்க்காகச் செய்த மூலக்கூறு. எலிகளுக்குக் கொடுத்தபோது புற்றுநோய் மசியவில்லை. உரிமை கூடப் பதிவு செய்யாமல் அவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். இருபது ஆண்டு கழித்து அதே மிட்சுயாவும் பிராடரும் அது எச்ஐவியைத் தடுப்பதைக் கண்டார்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்ததால் மூன்று ஆண்டுக்குள் மருந்து நோயாளியின் கைக்கு வந்தது. பழைய மருந்தைப் புது நோய்க்குத் திருப்புவதில் இருக்கும் பெரிய லாபமே இந்த வேகம்தான்.

விலை? ஓர் ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். சென்னையில் நோயுற்றவர்களுக்கு அது எட்டாக்கனி. 2001ல் மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுஃப் ஹமீதின் தலைமையில், மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். சுனிதி சாலமன் 2015ல் மறைந்தார். பத்மஸ்ரீ விருது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் அவர் பெயருக்கு வந்தது. இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய விருது.

பிரியாணி அன்னாசிப்பூ

ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் 1999ல் சந்தைக்கு வந்தது. பறவைக் காய்ச்சல் பரவியபோதும், 2009ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோதும் புதிய வைரஸ்களுக்கு எதிராக உலகம் கையில் எடுத்தது இதைத்தான். இதைச் செய்யத் தேவையான ஷிகிமிக் அமிலத்தைச் சீனாவில் விளையும் அன்னாசிப்பூவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நாம் பிரியாணிக்குத் தாளிக்கும் அதே அன்னாசிப்பூ. பின்னாளில் பாக்டீரியாவைக் கொண்டும் அந்த அமிலத்தைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அன்னாசிப்பூக் கஷாயம் வைக்க வேண்டாம். அமிலத்திலிருந்து மருந்து வரைக்கும் பல கட்ட வேதிவினைகள் இருக்கின்றன. பஞ்சு மூட்டையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு பனியன் உடுத்தியிருக்கிறேன் என்று யாராவது சொல்வார்களா?

தோற்று வேறு வேடத்தில் வந்தது

2020 மார்ச் தொடக்கத்தில் ஜெய்ப்பூர் எஸ்எம்எஸ் மருத்துவமனையில் இத்தாலியச் சுற்றுலாத் தம்பதிக்கு எச்ஐவி மருந்தைக் கொடுத்தார்கள் என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அந்த மருந்து லோபினாவிரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த மாத்திரை. 2003ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கில் அதைப் பயன்படுத்திய அனுபவம் இருந்ததால் அந்த நம்பிக்கை. அதே மாதம் வூகானிலிருந்து 199 நோயாளிகளின் முடிவு வந்தது. பலன் தெரியவில்லை. ஜூன் இறுதியில் பிரிட்டனின் ரெகவரி என்ற பெரிய பரிசோதனையும் அதையே சொன்னது.

ஆனால் அந்த ஜோடியில் பாதி மறுபடி வந்தது. ரிட்டோனாவிருக்கு ஒரு குணம் உண்டு. நம் கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தை அது தணிக்கும். கூடப் போகும் மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ஃபைசர் நிறுவனம் நிர்மாட்ரெல்விர் என்ற புதிய மருந்துக்கு அதைத் துணையாகச் சேர்த்தது. இரண்டும் சேர்ந்த பாக்ஸ்லோவிட் 2021 டிசம்பரில் அனுமதி பெற்றது. ஆபத்து அதிகமுள்ள நோயாளிகள் சீக்கிரமே எடுத்துக்கொண்டால் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் 89 சதவீதம் குறைந்தன. கதாநாயகனாக வந்து தோற்ற மருந்து, துணைப் பாத்திரத்தில் வந்து உயிர்களைக் காத்தது.

ஒரே நாளில் பதினெட்டு மாத்திரை

ஜப்பானில் புதுவகை ஃப்ளூ வந்தால் எடுக்கலாம் என்று 2014ல் அனுமதித்து, பொதுப் பயன்பாட்டுக்கு விடாமல் வைத்திருந்த மருந்து ஃபேவிபிராவிர். 2020 ஜூனில் இந்தியாவில் கொரோனாவுக்கு அனுமதி கிடைத்தது. 200 மில்லிகிராம் மாத்திரை, விலை 103 ரூபாய். முதல் நாள் காலையில் ஒன்பது, மாலையில் ஒன்பது. 34 மாத்திரை கொண்ட அட்டை 3,500 ரூபாய். வாரச் சம்பளக்காரர் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு நடந்த பெரிய பரிசோதனைகளில் அது நோயின் போக்கை மாற்றியதாகத் தெரியவில்லை.

சிக்குன்குனியா சொல்லிவிட்டுப் போன பாடம்

2006ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவிலும் சிக்குன்குனியா ஆட்டிப் படைத்தது. அங்கே குளோரோகுயினைப் பரிசோதித்தார்கள். கண்ணாடித் தட்டில் வைரஸைத் தடுத்த மாத்திரை நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை. 200 நாள் கழித்து விசாரித்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் மூட்டு வலி அதிகம் என்று சொன்னார்கள். 2008ல் இது அச்சிலும் வந்துவிட்டது. அதற்கு 12 ஆண்டு கழித்து அதே குடும்பத்து மாத்திரைக்கு நாடுகள் அடித்துக்கொண்டபோது, இதை நினைவுபடுத்திய குரல்கள் கூச்சலில் காணாமல் போயின. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

வரிசையும் விடையும்

2021 ஏப்ரல், மே மாதங்களில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்காக விடிய விடிய நின்ற வரிசை நினைவிருக்கும். அரசு விலை ஒரு குப்பி 1,568 ரூபாய். கோவை, மதுரை, சேலம் போன்ற ஊர்களிலும் கவுன்ட்டர் திறந்தார்கள். திருப்பூர்க்காரர்கள் போனது கோவைக்கு. சென்னை விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றியும் கூட்டம் அடங்கவில்லை. மே 18 முதல் மருந்தை நேரடியாக மருத்துவமனைகளுக்கே வழங்க அரசு முடிவு செய்த பிறகுதான் வரிசை கலைந்தது. கள்ளச் சந்தையில் என்ன விலைக்குப் போயிற்று என்பதை வாங்கியவர்களே அறிவார்கள்.

அந்த வரிசைக்கு ஏழு மாதம் முன்பே விடை வந்திருந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? உலக சுகாதார நிறுவனம் நடத்திய சாலிடாரிட்டி பரிசோதனையில் இந்தியாவும் பங்கெடுத்தது. 30 நாடுகள், 405 மருத்துவமனைகள், 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். 2020 அக்டோபரில் வெளியான முடிவு இது: மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இறப்பை ரெம்டெசிவிர், ஹைட்ராக்சி குளோரோகுயின், லோபினாவிர், இன்டர்ஃபெரான் நான்குமே குறிப்பிடும்படி குறைக்கவில்லை. நவம்பரில் அந்த நிறுவனம் ரெம்டெசிவிரைத் தவிர்க்கலாம் என்றே பரிந்துரைத்தது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில் குணமாகும் காலம் 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைந்தது. 2022ல் வந்த சாலிடாரிட்டி இறுதி முடிவில், ஆக்சிஜன் தேவைப்பட்டு வென்டிலேட்டர் வரை போகாதவர்களிடம் இறப்பு 16.3 சதவீதத்திலிருந்து 14.6 சதவீதமாக இறங்கியிருந்தது. சிறிய பலன், ஆனால் பலன்தான். வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. நகையை விற்று ஓடிய குடும்பங்களிடம் யாராவது உட்கார்ந்து இந்த எண்களைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

சில ரூபாய் ஊசி

பழைய மருந்துகளில் உண்மையாகவே ஜெயித்தது வைரஸைத் தொடவே தொடாத ஒன்று. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 1950களிலிருந்து இருப்பது, சில ரூபாய்க்குக் கிடைப்பது. 2020 ஜூன் 16ல் ரெகவரி பரிசோதனை அறிவித்த முடிவின்படி, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. நோய் முற்றும்போது வைரஸை விட, நம் உடம்பின் எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப் பொங்குவதே நுரையீரலை அழிக்கிறது. அந்தக் கொதிப்பை இது அடக்கியது.

ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை, கெடுதல் கூட வரலாம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இந்தப் பாதியைக் கேட்காமல் லேசான காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை நோயும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடங்களில் 2021ல் கரும்பூஞ்சை கண்ணையும் உயிரையும் பறித்தது.

பனியன் கம்பெனியும் செயற்கை ரத்தமும்

2020 வசந்தத்தில் மருந்து மட்டுமா வேலை மாறியது? ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோன திருப்பூர்க் கம்பெனிகள் முகக்கவசத்துக்கும் மருத்துவர்களின் முழு உடல் கவச உடைக்கும் மாறின. டி-சர்ட் தைத்த கை கவச உடை தைக்கலாம்தான். ஆனால் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அதன் வழியே ரத்தத்துளி கசிந்தால் உள்ளே இருக்கும் மருத்துவருக்கு ஆபத்து. அதனால் தையல் மேல் சூடாக்கி டேப் ஒட்ட வேண்டும். கோவையிலுள்ள சிட்ரா, 1956ல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், அழுத்தத்தோடு செயற்கை ரத்தத்தைப் பீய்ச்சி ஒவ்வொரு மாதிரியையும் சோதித்தது. அந்த ஆரம்ப நாள்களில் நாடெங்கிலுமிருந்து கவச உடை மாதிரிகள் அங்கேதான் வந்து குவிந்தன. பார்வைக்குப் பழுதில்லாத உடைகள் பல அந்தச் சோதனையில் கசிந்தன. சாம்பிள் தேறாமல் ஒரு பீஸ் கூட லாரி ஏறாது என்பது நம் ஊரில் செக்கிங் டேபிளில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியும். மருந்துக்கும் அதே கண்டிப்பைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வாளையாறுக்கு அந்தப் பக்கம்

நிபா வைரஸ் முதலில் தெரிய வந்தது 1998–99ல் மலேசியாவில். அங்கே ரிபாவிரின் பெற்ற நோயாளிகளில் 32 சதவீதமும், பெறாதவர்களில் 54 சதவீதமும் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒப்பீடு அது இல்லை என்பதால் உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வெடித்தபோது வேறு வழியின்றி அதையே வரவழைத்துக் கொடுத்தார்கள். கேரளத்தில் நிபா என்றால் மறுநாளே எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு ஆட்கள் நிற்பார்கள். கொங்கு நாட்டுக்கு அது அவ்வளவு பக்கம்.

மாத்திரை தோற்றது, மனிதர்கள் பிழைத்தார்கள்

பெரியம்மைக்கு என்று செய்து 2018ல் அமெரிக்கா அனுமதித்த டெகோவிரிமாட், குரங்கம்மை பரவியபோது கையில் எடுத்த முதல் மருந்து. 2024 ஆகஸ்டில் காங்கோவில் 597 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு வந்தது. கொப்புளங்கள் ஆறும் வேகத்தில் மருந்து மாத்திரைக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் பரிசோதனையில் சேர்ந்தவர்களில் இறந்தது 1.7 சதவீதம் பேர்தான். அந்த நாட்டில் பொதுவாக 3.6 சதவீதத்துக்கும் மேல். இரண்டு குழுவையும் மருத்துவமனையில் வைத்து உணவும் நீரும் செவிலியர் கவனிப்பும் கொடுத்ததே இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம்

அமான்டடின் 1966ல் ஃப்ளூ மருந்தாக வந்தது. 1968ல் அதைச் சாப்பிட்ட பார்க்கின்சன் நோயாளி ஒரு பெண்மணி, கை நடுக்கம் குறைந்திருப்பதாக மருத்துவரிடம் சொன்னார். அவர் சொன்னதைத் தள்ளிவிடாமல் மருத்துவர் காது கொடுத்தார். இன்று அது ஃப்ளூவுக்கு உதவுவதில்லை. நடுக்கத்துக்கு இன்னும் கொடுக்கிறார்கள்.

எத்தனையாவது நாள்?

வைரஸ் மருந்துகள் பலவற்றுக்கு ஒரு கெடு உண்டு. ஓசெல்டாமிவிர் என்றால் காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. பாக்ஸ்லோவிட் என்றால் ஐந்து நாளுக்குள். ரெம்டெசிவிரையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேரும் நிலைக்கு வராத, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் ஏழு நாளுக்குள் தொடங்கி மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையோ மரணமோ 87 சதவீதம் குறைந்தது. அதே குப்பிதான், நாள்தான் வேறு.

பவர்டேபிளில் உட்காருபவருக்கு நாள் என்பது கூலி. காய்ச்சல் வந்தால் ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஒன்றரை ஷிப்ட் முடித்துவிடுவார். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இஎஸ்ஐ பிடித்தம் இருப்பவர்கள், ஆறு மாதத்தில் 78 நாள் வேலை செய்திருந்தால், நோய் விடுப்பில் 70 சதவீதச் சம்பளம் ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஜாப் ஒர்க் யூனிட்டில் பெயர்ப் பதிவே இல்லாமல் தைப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு எந்த மருந்து வந்தாலும் கெடு தாண்டித்தான் போய்ச் சேரும்.

ரெம்டெசிவிருக்கு ஏன் ஆறு குப்பி தெரியுமா? முதல் நாள் இரண்டு, அடுத்த நான்கு நாளும் ஒவ்வொன்று. எங்கள் தெரு அக்கா கோவையிலிருந்து ஐஸ் வைத்த டப்பாவில் அந்த ஆறையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அவர் கணவருக்குக் காய்ச்சல் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள். அன்றைக்கே இரண்டு குப்பி ஏற்றினார்கள். மறுநாள் விடியும் முன் அவர் போய்விட்டார். மீதி நான்கையும் என்ன செய்தீர்கள் என்று பல மாதம் கழித்துத்தான் கேட்க எனக்கு வாய் வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஒடிசாப் பையன் படுத்திருந்தானாம், அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தாராம்.